ஆட்டிசம் உள்ள பிள்ளையும் வகுப்புத் தோழர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறப்புக் கல்வியாளராகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போய் வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பற்றி ஒரே கேள்விகள்தான் வருகின்றன. பெற்றவர்கள் கேட்கிறார்கள், வகுப்பாசிரியர்கள் கேட்கிறார்கள், மற்ற பிள்ளைகளின் பெற்றோர் வாசலில் நிறுத்திக் கேட்கிறார்கள். பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகள் எல்லாரையும்விட நேராகக் கேட்கிறார்கள். அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சிகிச்சை, பயிற்சி பற்றி இதில் அதிகம் இல்லை. அந்தப் பிள்ளை வகுப்பில் எல்லாரோடும் ஒருவனாக, ஒருத்தியாக இருப்பது எப்படி என்பது மட்டும்தான்.

ஆட்டிசம்னா மனநோயா? இல்ல, மூளை வளர்ச்சி கம்மியா?

இரண்டும் இல்லை. மூளை பிறவியிலேயே வேறு விதமாக வளர்வதுதான் ஆட்டிசம். மற்றவர்களோடு பேசிப் பழகும் விதம், சத்தத்தையும் வெளிச்சத்தையும் தொடுதலையும் உணரும் விதம், ஒரு விஷயத்தில் ஆழ்ந்துபோகும் விதம் எல்லாம் பெரும்பாலான பிள்ளைகளிடமிருந்து வேறுபட்டிருக்கும். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் இதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கியது.

சில பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருக்கும், பலருக்கு இருக்காது. பேச்சே வராத பிள்ளையும் உண்டு, ரயில் நேரங்களை வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளையும் உண்டு. "எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன் இப்படித்தான் இருந்தான்" என்று ஒருவரை வைத்து இன்னொருவரை முடிவு செய்யாதீர்கள்.

தொத்திக்குமா? எங்க பொண்ணு அவனைப் பார்த்து அதே மாதிரி கையை ஆட்டுறா.

தொற்றாது. பிள்ளைகள் ஆசிரியர் நடப்பதையும் தாத்தா இருமுவதையும்கூடச் செய்துகாட்டுவார்கள், கொஞ்ச நாளில் விட்டுவிடுவார்கள். இதுவும் அப்படித்தான். இதற்காக இடம் மாற்றி உட்கார வைக்கச் சொல்லிப் பள்ளியில் கேட்காதீர்கள். உங்கள் பெண் அவனை உற்றுக் கவனிக்கிறாள் என்றால் அது நல்ல தொடக்கம்.

மிஸ், அவன் ஏன் கையை உதறிக்கிட்டே இருக்கான்? நான் கேட்டதையே ஏன் திருப்பிச் சொல்றான்?

பிள்ளைகளிடம் நான் சொல்லும் பதில் இது. உனக்குப் பரீட்சை நேரத்தில் கால் தானாக ஆடும் இல்லையா? ரொம்ப சந்தோஷம் வந்தால் குதிப்பாய் இல்லையா? அவனுக்கு அது கையில் வருகிறது. உதறினால் அவனுக்கு நிம்மதியாக இருக்கும். நீ கேட்டதைத் திருப்பிச் சொல்வது பழிப்பு காட்டுவதில்லை. உன் கேள்வியை அவன் பிடித்துக்கொண்டான், பதில் தயாராகிறது என்று பல நேரம் அர்த்தம். கொஞ்சம் காத்திரு. மனதுக்குள் பத்து வரை எண்ணு. அப்புறமும் பதில் வராவிட்டால் இன்னும் சின்ன வாக்கியமாகக் கேள்.

ஆசிரியர்களுக்கும் இதே பத்து எண்ணிக்கை பொருந்தும். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பிள்ளைக்குத் தாவும் ஆசிரியரைப் பார்த்துத்தான் வகுப்பும் அவனைத் தாண்டிப் போகக் கற்றுக்கொள்கிறது.

அவனுக்குத் தனியா இருக்கத்தானே பிடிக்கும்? எதுக்கு வலுக்கட்டாயமா சேர்த்து விடணும்?

தனியாக இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அது பிடித்துத்தான் இருக்கிறானா என்று அப்படிச் சொல்லிவிட முடியாது. இரைச்சல் தாங்காமல் ஒதுங்குபவன் உண்டு. பல முறை போய் விரட்டப்பட்டு விட்டுவிட்டவன் உண்டு. விளையாட்டில் எப்படி நுழைவது என்று தெரியாமல் ஓரத்தில் நின்று பார்ப்பவனும் உண்டு. ஓரத்தில் நிற்பவனின் கண் எங்கே போகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்கு ஆசை இருக்கிறது.

நிஜமாகவே ஓய்வு தேவைப்படும் நேரமும் உண்டு. காலை முழுவதும் நாற்பது பேர் நடுவே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இன்டர்வெல்லில் பத்து நிமிஷம் வேப்பமரத்தடியில் தனியாக இருக்க வேண்டியிருக்கலாம். அதை விட்டுக்கொடுங்கள். வலுக்கட்டாயம் வேண்டவே வேண்டாம். ஆனால் வாசல் தினமும் திறந்திருக்க வேண்டும்.

"எங்களால பார்த்துக்க முடியாது, ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போங்க"ன்னு சொல்றாங்க. சட்டம் என்ன சொல்லுது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நிதி பெறும் பள்ளியானாலும் அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியானாலும் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், தேவையான வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது அதன் 16-வது பிரிவு. படிப்பில் வளர்ச்சியோடு சமூக வளர்ச்சிக்கும் உதவும் சூழலை அமைக்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. நண்பர்கள் கிடைக்க வழி செய்வதும் பள்ளியின் வேலைதான் என்று பெற்றோர் தைரியமாகக் கேட்கலாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை 31-வது பிரிவில் உள்ளது. எந்தப் பள்ளி என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை.

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு மாறும். மாறாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரைப் பாருங்கள்.

முதல்ல அவனுக்குப் பழகக் கத்துக்கொடுங்க. அப்புறம் பசங்க தானா சேர்த்துக்குவாங்க, இல்லையா?

நான் மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம் இதுதான், என் வேலையில் நான் மிக அதிகமாக மறுப்பதும் இதைத்தான். அமெரிக்காவில் கோனி கசாரி குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சாதாரண வகுப்பில் படிக்கும், ஆட்டிசம் உள்ள 60 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்கு நேரடியாகப் பழகும் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பகுதியில் அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு வகுப்புத் தோழர்கள் சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்: ஒதுங்கி நிற்பவர்களை எப்படிக் கவனிப்பது, எப்படி ஆட்டத்தில் சேர்ப்பது என்று. தோழர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வகுப்புகளில்தான் அந்தப் பிள்ளைகள் வகுப்பின் நட்பு வட்டத்துக்குள் அதிகம் வந்தார்கள். பிறகு மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் இருந்தது.

இன்னொன்று, நோவா சாசன் குழுவினர் 2017-ல் வெளியிட்டது. ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் வீடியோவைச் சில நொடிகள் பார்த்தவர்கள், ஆட்டிசம் இல்லாதவர்களோடு பழகக் காட்டிய அளவு விருப்பத்தை அவர்களிடம் காட்டவில்லை. அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது சொன்ன விஷயத்தில் குறை இல்லை, சொன்ன விதத்தைப் பார்த்த கண் தள்ளிவைத்திருக்கிறது. தானும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் எழுதியதும் இதையொட்டியதே: புரிந்துகொள்ள முடியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்தை மட்டும் திருத்தச் சொல்கிறோம்.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறை வைத்து விளையாடுவது, "எனக்கு வேண்டாம்" என்று சொல்வது, இவை எந்தப் பிள்ளைக்கும் உதவும். அதை முடித்துவிட்டு வந்தால்தான் சேர்ப்போம் என்ற நிபந்தனைதான் தவறு.

கிளாஸ்ல மத்த பிள்ளைங்ககிட்ட ஆட்டிசம்னு சொல்லலாமா? சொன்னா ஒதுக்கிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

நீங்கள் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் ஏதோ ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். "லூசு", "மென்டல்" என்று அவர்கள் வைக்கும் பெயரைவிட உண்மையான பெயர் மேல் என்பது என் முடிவு. ஆனால் அதைச் சொல்லும் உரிமை பள்ளிக்குக் கிடையாது. பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளைக்குப் புரியும் வயது என்றால் அவனுடைய சம்மதமும் வேண்டும். சொல்லும்போது வகுப்பில் இருக்கிறானா, வெளியே இருக்கிறானா என்பதையும் அவனே முடிவு செய்யட்டும்.

சம்மதம் இல்லை என்றால் பெயரைச் சொல்லாமலே நிறையச் செய்யலாம். கசாரி ஆய்வில் தோழர்கள் கற்றதுபோல, யார் ஒதுங்கி நின்றாலும் சேர்த்துக்கொள்வது எப்படி என்று பொதுவாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

சரி, சொல்றதுன்னா என்ன சொல்றது? மூணாங் கிளாஸ் பிள்ளைங்களுக்குப் புரியுமா?

புரியும். பெரியவர்களைவிடச் சீக்கிரம் புரியும். நான் முதலில், யாருக்கு எந்தச் சத்தம் பிடிக்காது என்று கேட்பேன். கரும்பலகையில் நகம் கீறுவது, தெரு நாய், மிக்ஸி, பட்டாசு என்று கைகள் வரிசையாக உயரும். பிறகு ஒருவரை நடுவில் உட்கார வைத்து, மூன்று பேர் மூன்று பக்கமும் நின்று வெவ்வேறு கதையைச் சத்தமாகச் சொல்ல, அவர் ஒரு கூட்டல் கணக்குப் போட வேண்டும். முடியாது, தலை சுற்றும், எழுந்து ஓடிவிடுவார். "சத்துணவுக் கூடத்தில் எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் மோதும்போது நம்ம வகுப்பில் ஒருவருக்கு இப்படித்தான் இருக்கிறது" என்று சொன்னால் போதும். அவன் ஏன் காதைப் பொத்துகிறான் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

அடுத்து, அவனுக்கு எது நன்றாக வரும், எது பிடிக்கும் என்று சொல்லுங்கள். அப்புறம் உருப்படியாக மூன்று விஷயம்: பின்னாலிருந்து தொடாதே, பெயரைச் சொல்லிக் கூப்பிடு, பதிலுக்குக் காத்திரு. இருபது நிமிஷத்தில் முடித்துவிடுங்கள். "பாவம்", "கடவுளின் குழந்தை" போன்ற சொற்கள் வேண்டாம். பாவப்பட்டவனோடு பிள்ளைகள் அன்பாக இருப்பார்கள், விளையாட மாட்டார்கள்.

இன்னொரு விஷயம். உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் ஏப்ரல் 2. அன்று நீல ரிப்பன் கட்டிப் பேச்சு நடத்தும் பள்ளிகள் உண்டு. நம்மூரில் அது கல்வியாண்டு முடியும் நேரம். சொன்னதைச் செய்து பார்க்க வகுப்பே இருக்காது. ஜூன் கடைசியில் நடத்துங்கள்.

இன்டர்வெல்ல யாரும் அவனைச் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க. "எல்லாரும் சேர்ந்து விளையாடுங்க"ன்னு சொல்லிப் பார்த்துட்டேன்.

அந்த உத்தரவு ஆசிரியர் தலை மறையும்வரைதான் நிற்கும். ஓடிப்பிடித்து, கபடி, கிரிக்கெட் எல்லாம் அவனுக்குக் கடினமான ஆட்டங்கள். விதி நொடிக்கு நொடி மாறும், சண்டை போட்டுத்தான் முறை வாங்க வேண்டும். விதி மாறாத, முறை தெளிவாக இருக்கும் ஆட்டங்களில் தொடங்குங்கள்: பல்லாங்குழி, தாயம், கேரம், செஸ், நொண்டி. வராந்தாவில் இரண்டு தாயக்கட்டமும் ஒரு கேரம் போர்டும் போட்டுவைத்தால் வெயிலில் ஓடப் பிடிக்காத மற்ற பிள்ளைகளும் அங்கே வருவார்கள். அவர்களில்தான் அவனுக்கு நண்பன் கிடைப்பான்.

அவனுக்குப் பிடித்த விஷயத்தை வகுப்பின் விஷயமாக்குங்கள். பஸ் எண்கள் பிடிக்குமா? கணக்குப் பாடத்தில் ஊர் பஸ் தடங்களை எடுங்கள், குழுவில் அவனிடம் கேட்டால்தான் விடை தெரியும் என்று ஆகட்டும். ஓயாமல் கோள்களைப் பற்றியே பேசும் ஒரு பெண்ணை அறிவியல் மன்றத்தில் சேர்த்த பள்ளியில், அதே கிறுக்குப் பிடித்த இன்னும் இரண்டு பேர் அவளோடு ஒட்டிக்கொண்டார்கள். அவளை மாற்ற யாரும் எதுவும் செய்யவில்லை.

ஒரு நல்ல பிள்ளையா பார்த்து, "அவனைக் கவனிச்சுக்கோ"ன்னு சொன்னா போதாதா?

போதாது. அந்த நல்ல பிள்ளை இரண்டு மாதத்தில் களைத்துவிடும், லீவு போட்டால் இவன் தனி. தவிர, கவனித்துக்கொள்பவர் குட்டி ஆசிரியராக மாறிவிடுவார், நண்பராக ஆக மாட்டார். நாலைந்து பேராக இருக்கட்டும், தாங்களாக முன்வந்தவர்களாக இருக்கட்டும். வாரம் ஒரு நாள் பத்து நிமிஷம் அவர்களோடு உட்கார்ந்து எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேளுங்கள். அந்தப் பேச்சில் அவனும் இருக்க வேண்டும். அவனிடமிருந்து அவர்களுக்கு ஏதாவது கிடைக்கவும் வேண்டும்: படம் வரையச் சொல்லிக்கொடுப்பது, பெருக்கல் வாய்ப்பாடு சரிபார்ப்பது, எதுவானாலும்.

அவனுக்கு மட்டும் ஏன் மிஸ் சலுகை? நாங்க எழுந்து நடந்தா திட்டுறீங்க!

நியாயமான கேள்வி, மழுப்பாதீர்கள். கையில் கட்டுப் போட்டவர் பி.டி. பீரியடில் உட்கார்ந்திருக்கிறார், பலகை தெரியாதவர் முதல் பெஞ்சில் இருக்கிறார், தமிழ் இப்போதுதான் கற்கும் வெளிமாநிலப் பிள்ளைக்கு மெதுவாகச் சொல்கிறோம். யாருக்கு என்ன வேண்டும் என்று வகுப்பையே பட்டியல் போடச் சொல்லுங்கள், அவர்களே முடிவுக்கு வருவார்கள். அதோடு, நடுவில் எழுந்து ஒரு சுற்று நடப்பது எல்லாருக்கும் உதவும் என்றால் எல்லாருக்கும் கொடுத்துவிடுங்களேன்!

திடீர்னு கத்தி அழுது கீழே உருண்டான். அன்னியிலிருந்து யாரும் பக்கத்துல உட்கார மாட்டேங்கிறாங்க.

அது அடம் இல்லை. அடம் பிடிக்கும் பிள்ளை நீங்கள் பார்க்கிறீர்களா என்று பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இது தாங்க முடியாத அளவுக்கு எல்லாம் குவிந்து உடைவது. அப்போது அறிவுரை காதில் ஏறாது. சத்தத்தைக் குறையுங்கள், ஃபேனையும் லைட்டையும்கூட நிறுத்தலாம். மற்றவர்களை வராந்தாவுக்குக் கூட்டிப் போங்கள். ஒருவர் மட்டும் அருகில், பேசாமல் இருங்கள். தலைமையாசிரியர் அறைக்கு இழுத்துப்போவது நிலைமையை மோசமாக்கும், வகுப்பு அதைத் தண்டனையாகத்தான் பார்க்கும்.

பக்கத்தில் உட்கார்வது திரும்ப வருமா என்பது அடுத்த அரை மணி நேரத்தைப் பொறுத்தது. பயந்த பிள்ளைகளுக்கு விளக்கம் வேண்டும்: "அவனுக்குத் தாங்க முடியாமல் போச்சு, இப்போ சரியாயிடுச்சு, அவனும் பயந்துதான் போனான்." அவன் திரும்பி வந்ததும் எதுவும் நடக்காததுபோல வழக்கமான ஒரு வேலையைக் கொடுங்கள், நோட்டு விநியோகிப்பது மாதிரி. முன்கூட்டியே அவனிடம் ஒரு சிவப்பு அட்டை கொடுத்து, அதைக் காட்டினால் கேட்காமலே வெளியே போகலாம் என்று வைத்தால் பல முறை இந்த நிலை வரைக்கும் போகாது.

எங்க பொண்ணைக் கடிச்சுட்டான். ஆட்டிசம்னா இதையும் பொறுத்துக்கணுமா?

வேண்டாம். உங்கள் பெண்ணுக்கு வலித்தது, அவளுக்குப் பாதுகாப்பு வேண்டும், பள்ளி அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மறைக்கும் பள்ளிதான் பெற்றோரை எதிரிகளாக்குகிறது. ஆனால் பள்ளியை விட்டு நீக்கச் சொல்வதற்கு முன், கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று கேளுங்கள். எந்த நேரம், எந்த இடம், யார் அருகில், என்ன சத்தம் என்று ஆசிரியர் இரண்டு வாரம் குறித்து வைத்தால் காரணம் தென்படும். வரிசையில் நெருக்கியடித்து நிற்கும்போதுதான் நடக்கிறது என்றால் அவனை வரிசையின் கடைசியில், ஒரு கை நீள இடைவெளியில் நிற்க வைத்தாலே கடிப்பது நின்றுவிடும்.

அவனுக்கு ஃப்ரெண்ட்ஸ் நிறைய இருக்காங்கன்னு சொல்றான். ஆனா தினமும் காசும் பென்சிலும் காணாம போகுது.

இது எனக்குக் கிண்டலைவிடக் கவலை தருவது. நட்பு என்ற பெயரில் அவனைக் குரங்காட்டம் ஆட்டுவது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது: கெட்ட வார்த்தை சொல்லவைத்துச் சிரிப்பது, மிஸ்ஸிடம் போய் ஏதாவது உளறச் சொல்வது, டிபனைப் பிடுங்கித் தின்பது. "உன்னைக் கிண்டல் பண்றாங்களா?" என்று கேட்டால் இல்லை என்பான். "இன்னைக்கு உன் டிபனை யார் தின்னாங்க? ஏதாவது செய்யச் சொன்னாங்களா? செஞ்சப்போ யார் சிரிச்சாங்க?" என்று கேளுங்கள்.

நண்பன் என்றால் என்ன என்பதைக் கையில் பிடிக்கிற மாதிரி சொல்லிக்கொடுக்கலாம்: வாங்கினால் திருப்பித் தருவான், நீ அழும்போது சிரிக்க மாட்டான், உன் முறை வந்தால் உன்னை ஆடவிடுவான். பார்த்துக்கொண்டு சும்மா நின்ற பிள்ளைகளிடமும் ஆசிரியர் பேச வேண்டும், பெரும்பாலும் அவர்களுக்கும் அது பிடித்திருக்காது. உடலைத் தொடுவது, மிரட்டுவது வரை போயிருந்தால் காத்திருக்காதீர்கள், குழந்தைகள் உதவி எண் 1098.

கூட ஒரு ஷேடோ டீச்சர் வெச்சிருக்கோம். அது நல்லதுதானே?

அவனுக்கென்று தனியாகக் கூடவே உட்கார்ந்து உதவும் ஆசிரியர் இருப்பது படிப்புக்கு உதவும். நட்புக்குச் சில நேரம் சுவராகிவிடும். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே ஒரு பெரியவர் உட்கார்ந்தால் யார் பேசுவார்கள்? அவரைப் பின்வரிசைக்கு மாற்றுங்கள், அந்தக் குழு முழுவதற்கும் உதவச் சொல்லுங்கள், இன்டர்வெல்லில் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வேறு பிள்ளை இவனைப் பற்றி அவரிடம் கேட்டால், "அவனையே கேளு" என்பதுதான் பதில்.

பேச்சே வராத பிள்ளைக்கு ஃப்ரெண்ட்ஸ் எப்படிக் கிடைப்பாங்க?

பேச்சு வராவிட்டாலும் சொல்ல ஏராளம் இருக்கும். பட அட்டைகளோ, படத்தைத் தொட்டால் அதற்கான சொல்லைப் பேசும், சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலியோ அதற்கு வழி. அது பையில் பூட்டி வைக்கப்பட்டால் பயனில்லை. மேசையில் இருக்க வேண்டும், பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். "இது எது? அது எது?" என்று சோதிக்க வைக்காமல் "என் முறை", "நிறுத்து", "செம" போன்ற விளையாட்டுச் சொற்களை அதில் முதலில் ஏற்றுங்கள்.

என் பொண்ணு ஸ்கூல்ல ரொம்ப சமர்த்துன்னு சொல்றாங்க. வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கி எறிஞ்சு ஒரு மணி நேரம் அழறா.

பல பெண்பிள்ளைகளிடம் இதைப் பார்க்கிறேன். மற்றவர்கள் சிரிக்கும்போது சிரித்து, அவர்கள் பேசுவதைப் பார்த்துப் பேசி, கையை மடியில் அடக்கி வைத்து நாள் முழுவதும் நடிக்கிறார்கள். வகுப்பு ஏற்றுக்கொண்டிருப்பது அந்த வேஷத்தை. பள்ளியில் பிரச்சினையே இல்லை என்ற பதிலோடு திரும்பாதீர்கள். அவள் தானாக இருக்கக்கூடிய ஒரு இடம், நூலகமோ ஓவிய வகுப்போ, அவளோடு ஒரே ஒரு தோழி, அது கிடைக்கிறதா என்று ஆசிரியரோடு பாருங்கள். வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரம் கேள்வி கேட்காமல் விடுங்கள்.

"எனக்கு ஏன்மா ஃப்ரெண்ட்ஸ் இல்ல?"ன்னு அவனே கேட்கிறான். என்ன சொல்ல?

அவனுக்கு ஆட்டிசம் இருப்பதை அவனிடம் சொல்லும் நேரம் வந்துவிட்டது. இல்லையென்றால் தன்னிடம் ஏதோ கெட்டது இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவான். மேலே மூணாங் கிளாஸ் பிள்ளைகளுக்குச் சொன்ன அதே எளிய வார்த்தைகள் அவனுக்கும் போதும். அதோடு, அவனைப் போன்ற இன்னொரு பிள்ளையை அவன் சந்திக்க வழி செய்யுங்கள். ஒருவரையொருவர் விளக்கிக்கொள்ளத் தேவையில்லாத நட்பு அங்கே கிடைக்கும்.

அஞ்சாம் வகுப்பு முடிஞ்சு வேற ஸ்கூல் போறான். எல்லாத்தையும் மறுபடி முதல்ல இருந்தா?

எல்லாவற்றையும் இல்லை. இப்போதைய ஆசிரியரிடம் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: எது பிடிக்கும், எந்தச் சத்தம் தாங்காது, உடைவதற்கு முன் என்ன அறிகுறி, சிவப்பு அட்டை போல எது வேலை செய்தது, யார் யார் நண்பர்கள். புதுப் பள்ளிக்கு லீவிலேயே இரண்டு மூன்று முறை கூட்டிப்போய் வகுப்பறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய், அமைதியான மூலை எல்லாவற்றையும் காட்டுங்கள். பழைய வகுப்பிலிருந்து அதே பள்ளிக்கு வரும் ஒரு நண்பனாவது அவனோடு ஒரே பிரிவில் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஏ, பி என்று பிரித்த பிறகு கேட்டால் நடப்பதில்லை, மே மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.